மால்ட்டுக்கு நீ போட்ட நீலக் கோடு

அளியா,

இன்று காலை ஆரியங்கோட்டிலிருந்து ஒருத்தி, முளைகட்டிக் காயவைத்த கேழ்வரகை அரைக்கக் கொண்டுவந்தாள். பிள்ளைக்குக் கூழ் காய்ச்சவாம். இயந்திரம் சூடேறியதும் மில் முழுக்க ஒரு வாசனை. முளைவிட்ட தானியம் காய்ந்து உடைபடும்போது வைக்கோலும் ரொட்டியும் கலந்த மாதிரி வருமே, அது. எனக்குக் கை ஓடவில்லை. சுவிட்சை அணைத்துவிட்டேன்.

"என்ன அண்ணா, பெல்ட் அறுந்துபோச்சா?" என்றாள்.

"இல்ல மக்கா, சும்மாதான்" என்றேன். பிறகு மறுபடி ஓட்டி, அரைத்துக் கொடுத்து அனுப்பினேன். கேழ்வரகும் நீ கொண்டுவந்த பார்லியும் வேறு வேறு தானியம்தான். ஆனால் முளைவிட்டு உலர்ந்துவிட்டால் இரண்டுக்கும் வாசனையில் ஒரு சொந்தம் வந்துவிடுகிறது. நீ இருந்திருந்தால், "உனக்க மூக்கு மாவு தின்னு செத்துப்போச்சுலே" என்று கேலி செய்திருப்பாய். நீ போன பிறகு ஒரு மழைக்காலம் முழுதாகப் பெய்து ஓய்ந்துவிட்டது.

உனக்கு உட்கார்ந்து மடல் எழுதும் அளவுக்கு நான் உருகிப்போன ஆள் இல்லை. உன் மேல் எனக்குக் கோபம்தான் அதிகம். கோபத்தைக் காட்ட ஆள் எதிரில் வேண்டும். நீ இல்லை. அதனால் எழுதுகிறேன்.

தனுவச்சபுரத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம். படிப்பு முடிந்ததும் நான் கொல்லயிலில் அப்பாவின் மாவு மில்லுக்கு வந்தேன். நீ பெங்களூருக்குப் போனாய். நடுவில் என் தங்கை வசந்தியைக் கட்டிக்கொண்டு, கூட்டாளியாக இருந்தவன் அளியனாகவும் ஆனாய். அவளுக்கு இங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை, உனக்கு அங்கே தாங்களே பீர் காய்ச்சி விற்கும் ஒரு பெரிய உணவகத்தில் வேலை. மால்ட் மூட்டை தூக்கத்தான் உன்னைச் சேர்த்தார்கள். கடைசியில் எந்த மால்ட்டை எவ்வளவு போடுவது என்று நீயே முடிவு செய்யும் அளவுக்கு ஏறினாய். ஓணத்துக்கு வரும்போது அதைப் பற்றிப் பேசினால் உன் முகம் வேறு மாதிரி ஆகும். பிறகு கொரோனா வந்தது, உணவகம் பூட்டியது, நீ ஒரு பையோடு ஊருக்குத் திரும்பினாய்.

வேலையில்லாத மனுஷன் வீட்டில் இருந்தால் பொழுது பெரிதாகிவிடும். அதை நீ பிராந்தியால் நிரப்பினாய். காலையிலேயே பாறசாலைக்குப் போய் அரசாங்கக் கடை வரிசையில் நிற்பாய். வசந்தி பாடம் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளின் அப்பன்மார் உனக்கு முன்னும் பின்னும் நிற்பார்கள். "டீச்சர்க்க மாப்பிள்ளை" என்று அவர்கள் உனக்கு இடம் விட்டுக்கொடுப்பார்கள் என்று ஒருநாள் நீயே சிரித்துக்கொண்டு சொன்னாய். அவள் சிரிக்கவில்லை, சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதற்குள் ஈரல் கெட ஆரம்பித்துவிட்டதாக டாக்டர் ஒருமுறை எச்சரித்தும் இருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானும் அங்கே இருந்தேன். மீன்கறியை உனக்கு ஊற்றிவிட்டு, கரண்டியைக் கீழே வைக்காமலே அவள் பேசினாள்.

"நீங்க குடிக்காம இருக்கமாட்டிய. அது எனக்குத் தெரியும். ஆனா இனி அந்த வரிசையில போய் நிக்கப்பிடாது. கடையில வாங்கின ஒரு துள்ளியும் இந்த வீட்டுக்குள்ள வரப்பிடாது. உங்களுக்க கையால உண்டாக்குத பீரு உண்டுல்லா, அது மட்டும் குடிச்சா மதி, போதும்."

நீ சாப்பிட்ட கையைக் கழுவாமல் இடது கையை அவள் தலையில் வைத்தாய். "வசந்திக்க தலையாணை. கடைக்குப் போகமாட்டேன். நான் காய்ச்சுததை மட்டும் குடிப்பேன். நேராக்கும்" என்றாய்.

எனக்கு அது நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது. பிராந்தி என்றால் மூடியைத் திருகினால் போதும். பீர் அப்படி இல்லை. மால்ட் வரவேண்டும், உடைக்கவேண்டும், வெந்நீரில் ஊறவேண்டும், வடிக்கவேண்டும், கொதிக்கவேண்டும், ஈஸ்ட் போட்டுப் புளிக்கவிடவேண்டும். குடிக்கிற பதத்துக்கு வர மூன்று வாரமாவது ஆகும். மூன்று வாரம் காத்திருக்கத் தெரிந்தவன் பிழைத்துக்கொள்வான் என்று மூன்றுபேருமே நம்பினோம். வீட்டில் பீர் காய்ச்சுவது இங்கே சட்டப்படி குற்றம் என்பதும் மூன்றுபேருக்கும் தெரியும். பிடிபட்டால் அவளுக்கு வேலை போயிருக்கும். பிள்ளையில்லாத வீட்டில் அவள் சம்பளம்தான் அடுப்பு எரித்தது. அதையும் பணயம் வைத்துத்தான் அவள் சம்மதித்தாள். அதை நீ ஒருநாளாவது யோசித்தாயா என்று எனக்கு இன்னும் தெரியாது.

பெங்களூரிலிருந்து பழைய கூட்டாளி ஒருவன் மால்ட் பார்சல் அனுப்பினான். முதல் மூட்டையை மில்லில்தான் பிரித்தாய். பார்லியை முளைவிட வைத்து, முளை வளர்வதற்குள் உலர்த்தி நிறுத்தியதுதான் மால்ட் என்று எனக்கு விளக்கிவிட்டு, "தின்னு பாருலே" என்று ஒரு பிடி கொடுத்தாய். பச்சை பார்லியைக் கடித்தால் கல். இது படக்கென்று உடைந்தது, உள்ளே வெள்ளை மாவு, மெல்ல மெல்ல இனிப்பு. சின்னச் சின்னப் பொதிகளில் மூன்று ரகம் வைத்திருந்தாய். பில்ஸ்னர் ரகம் வெளுப்பு, புது வைக்கோல் மணம். பேல் ரகம் கொஞ்சம் கூடுதல் சூட்டில் உலர்ந்தது, பிஸ்கட் மணம். மியூனிக் ரகம் சிவப்பு, வறுத்த கோதுமை போல. கறுப்பாகத் தீய்த்த ஒன்றும் இருந்தது.

"இந்தக் கறுப்பன் நிறத்துக்கும் கசப்புக்கும் மட்டும்தான். தீச்சதுல இவனுக்க சத்தெல்லாம் போச்சு. தனக்க மாவைக்கூட இவனால இனிப்பாக்க முடியாது. பேலும் பில்ஸ்னரும் அப்பிடி இல்ல. தனக்க மாவையும் இனிப்பாக்கும், கூட வந்து கிடக்குதவனுக்க மாவையும் சேர்த்து இனிப்பாக்கும். அதனாலயாக்கும் அதை அடிப்படை மால்ட்டுன்னு சொல்லுதது. வீட்டுல வசந்தி மாதிரி" என்றாய்.

"அப்போ நீ கறுப்பன்" என்றேன்.

"பின்னே?" என்று சிரித்தாய்.

அன்றைக்கு நான் ஒரு வேலை செய்தேனே, அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். மில்காரனுக்கு ஒரே ஒரு பெருமைதான், அரைத்த மாவை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தால் பவுடர் போல வழுக்கவேண்டும். நீ மூட்டையைக் கொடுத்துவிட்டுச் சாயா குடிக்கப் போன நேரத்தில், அளியனுக்கு ஆயிற்றே என்று கைச்சக்கரத்தை முழுக்க முறுக்கித் தட்டுகளை நெருக்கி, நல்ல நைசாக அரைத்து வைத்தேன். திரும்பி வந்து கையை விட்டுப் பார்த்தவன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாய்.

"எலே பாவி, உமியையும் மாவாக்கிட்டியே. உமி முழுசாக் கிடந்தாத்தான் வெள்ளம் வடியும். உமிதான் அரிப்பு, சல்லடை மாதிரி. இது இனி பசையாக்கும்."

ஆனாலும் மனம் கேட்காமல் வீட்டில் சருவத்தில் வெந்நீர் ஊற்றிக் கரைத்துப் பார்த்தாய். நீ சொன்னபடியே போஸ்டர் ஒட்டும் பசையாகிவிட்டது. துவர்த்துத் துண்டில் கட்டித் தொங்கவிட்டும் ஒரு சொட்டு இறங்கவில்லை. நானும் நீயும் ஆளுக்கொரு முனை பிடித்து முறுக்கினோம். துவர்த்து கிழிந்து இரண்டுபேர் மேலும் தெறித்தது. வசந்தி வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகுநாளாகியிருந்தது. அந்தப் பசை முழுவதும் பக்கத்து வீட்டுக் கமலம் அக்காவின் பசுவுக்குப் போயிற்று. நானும் நீயும் மாட்டுத்தீவனம் செய்து பார்ப்பதாக அவரிடம் வசந்தி சொல்லிவைத்தாள். பிறகு அந்த அக்கா, "டீச்சரே, இந்த வாரம் தீவனம் இல்லியா? பசு கேக்குது" என்று வேலிக்கு மேல் தலைநீட்டும் அளவுக்கு ஆயிற்று.

மறுவாரம் நீ ஒரு சின்ன டப்பா நீலப் பெயின்டோடு மில்லுக்கு வந்தாய். தட்டுகளைக் கொஞ்சம் அகற்றி, ஒரு பிடி மால்ட் ஓடவிட்டு, உமி முழுசாகவும் உள்மணி மூன்று நான்கு துண்டாகவும் விழும்வரை கைச்சக்கரத்தைத் தளர்த்தித் தளர்த்திப் பார்த்தாய். சரியான இடம் வந்ததும் சக்கரத்தில் ஒரு கோடு, அதற்கு நேரே இயந்திரத்தில் ஒரு கோடு. "இந்த ரெண்டு கோடும் சேருத இடம் எனக்க இடம். அரிசிக்கு நீ எவ்வளவு வேணும்னாலும் முறுக்கிக்கோ" என்றாய்.

அதன்பிறகு வந்த மாதங்கள் நல்ல மாதங்கள் அளியா. அதை நான் மறுக்கமாட்டேன். காய்ச்சும் நாளில் ஜன்னலெல்லாம் சாத்திவிட்டு, வியர்க்க வியர்க்க சருவத்தைக் கிளறுவாய். தெர்மாமீட்டரைப் பிடித்துக்கொண்டு, சூடு கூடினால் பச்சைத்தண்ணீர், குறைந்தால் கொதிநீர். சூடு ஏறிப்போனால் இனிப்பாக்கும் சத்து செத்துப்போகும் என்று எங்களைப் பேசக்கூட விடமாட்டாய். பிறகு வெள்ளைச் சாஸரில் ஒரு சொட்டு எடுத்து, மெடிக்கல் கடையில் வாங்கிய அயோடினை அதில் விடுவாய். கறுத்தால் மாவு இன்னும் மிச்சம். கறுக்காமல் அப்படியே நின்றால் எல்லாம் இனிப்பாகிவிட்டது. அந்தச் சொட்டைக் குனிந்து பார்க்கும்போது உன் கை நடுங்காது. மற்ற நேரமெல்லாம் நடுங்கும் கை.

வடித்ததும் முதல் டம்ளர் வசந்திக்கு. ஈஸ்ட் படாத, போதை என்பதே இல்லாத, தேன்நிறத்தில் சூடான இனிப்புத் தண்ணீர், நாம் சொல்லும் இனிப்பு வெள்ளம். அவள் ஊதி ஊதிக் குடித்துவிட்டு, "இதுலயே நிறுத்திருந்தா கொள்ளாம்" என்பாள். ஒவ்வொரு முறையும் அதையே சொல்வாள். நீயும் ஒவ்வொரு முறையும் கேட்காதது போல ஈஸ்ட் பொட்டலத்தைப் பிரிப்பாய்.

முதலில் எடைதான் எனக்குக் காட்டிக்கொடுத்தது. அதே சருவம், புளிக்கவைக்க அதே குடம், அதே அளவு தண்ணீர். மால்ட் மட்டும் கூடிக்கொண்டே வந்தது. மில்லில் உட்கார்ந்திருப்பவனுக்கு மூட்டையைத் தூக்கும்போதே தெரியும். பில்ஸ்னரை விட்டு பேலுக்கு வந்தாய், பேலோடு மியூனிக்கையும் கொட்டினாய், ரகத்துக்கு ரகம் மாறிக்கொண்டிருந்தாலும் கனம் ஏறுவது மட்டும் மாறவில்லை.

"எலே, கஞ்சிக்கலம் அதேதான். அரிசி மட்டும் எப்படி ஏறுது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இது வேற வகை பீரு. கொஞ்சம் கட்டியாட்டு இருக்கும்."

"கட்டின்னா?"

"கட்டின்னா கட்டி."

நீ சொல்லிக்கொடுத்த பாடம்தானே. மாவு கூடினால் இனிப்பு கூடும், இனிப்பு கூடினால் ஈஸ்ட் தின்று போதையாக்குவதும் கூடும். அதே கண்ணாடி டம்ளரில் நீ இரண்டு மடங்கு குடித்துக்கொண்டிருந்தாய். ஒரு குடம் புளித்த இடத்தில் இப்போது நான்கு குடம் வரிசையாக நின்றது. ஒன்று தீர்வதற்குள் அடுத்தது தயார். அந்த மூன்று வாரக் காத்திருப்பு எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. அதை நம்பித்தானே நாங்கள் இருந்தோம். வசந்தியிடம் சொன்னேன். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. உன்னிடம் சத்தம் போட்டேன், இனி உனக்கு ஒரு மணிகூட உடைத்துத் தரமாட்டேன் என்றேன். நீ வீட்டு மிக்ஸியில் போட்டு, நிறுத்தி நிறுத்தி ஓட்டி உடைத்தாய். மிக்ஸி மோட்டார் புகைந்ததும் அம்மியில் போட்டு நசுக்கினாய்.

வசந்தி குடத்தைக் கவிழ்க்கப் போன அன்று நீ சொன்னது எனக்கு மறக்காது. குரலை உயர்த்தாமல்தான் சொன்னாய். "நான் கடைக்குப் போனேனா? வெளிய வாங்கினேனா? உனக்க தலையில அடிச்சு சொன்னதுல எது தெத்திச்சு, சொல்லு பாப்போம்." அவள் பிடித்த குடத்தை அப்படியே விட்டாள்.

அளியா, நீ வாக்குத் தவறவே இல்லை. அந்த வரிசையில் பிறகு உன்னை யாரும் பார்க்கவில்லை. கடைச்சரக்கு ஒரு துளி உன் தொண்டையில் இறங்கவில்லை. சொன்ன சொல்லை எழுத்துக்கு எழுத்து காப்பாற்றிக்கொண்டே செத்தாய். பொய் சொல்லி ஏமாற்றியிருந்தால் திட்டிவிட்டு ஆறியிருப்பேன். இதற்கு யாரைத் திட்டுவது?

கண் மஞ்சளித்தது. கால் வீங்கியது, பிறகு வயிறு. நெய்யாற்றின்கரையில் ஆஸ்பத்திரியில் வயிற்றிலிருந்து நீர் எடுத்தார்கள், அது மறுபடி நிறைந்தது. அதற்குப் பிறகு நீ பீரைத் தொடவில்லை. நிறுத்தினாய் என்று சொல்லமாட்டேன், உடம்பு வாங்கவில்லை. குடங்களை வசந்தியே ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் வாழைக்குழியில் ஊற்றினாள். நீ கட்டிலில் கிடந்து சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாய்.

ஒருநாள் காலையில் என்னைக் கூப்பிட்டுவிட்டாய். "கொஞ்சம் பில்ஸ்னர் உண்டு. உடைச்சுத் தாலே" என்றாய். நான் முறைத்தேன். "ஈஸ்ட் போடமாட்டேன். எல்லாம் கழிஞ்சு போச்சு, இனி எனக்கு என்னத்துக்கு? வசந்திக்க இனிப்பு வெள்ளம் ஒரு தடவை காய்ச்சணும்."

"பேல் வேண்டாமா? உனக்கு பிஸ்கட் மணம் வேணுமே."

"வேண்டாம். பில்ஸ்னர் மட்டும் மதி. கூட ஒண்ணும் கலக்காண்டாம்."

நீலக் கோட்டில் வைத்து உடைத்துக் கொண்டுவந்தேன். நாற்காலியில் தலையணை அடுக்கி உன்னை அடுக்களையில் உட்காரவைத்தோம். அன்றைக்கு ஜன்னலெல்லாம் திறந்தே கிடந்தது, மறைக்க ஒன்றும் இல்லை. வசந்தி கிளறினாள். நீ தெர்மாமீட்டரைப் பார்த்து, "ரெண்டு கரண்டி பச்சைவெள்ளம் விடு. மதி, மதி" என்றாய். சாஸரில் சொட்டு விட்டு அயோடின் விட உன்னால் முடியவில்லை, அவள்தான் உன் கையைப் பிடித்து விட்டாள். கறுக்கவில்லை. மூன்று டம்ளரில் ஊற்றினாள். நீங்கள் இருவரும் ஒரே சருவத்திலிருந்து ஒரே பதத்தில் எடுத்து ஒன்றாகக் குடித்தது அன்றைக்குத்தான். உனக்கு மூன்று மடக்குக்கு மேல் இறங்கவில்லை.

"கொள்ளாம் இல்லியா? நல்லா இருக்குல்லா?" என்று அவளைக் கேட்டாய்.

அவள் வழக்கமாகச் சொல்வதை அன்றைக்குச் சொல்லவில்லை. "கொள்ளாம்" என்று மட்டும் சொன்னாள்.

அந்த வாரமே நீ போய்விட்டாய். தென்னையடியில் உன்னை எரித்தோம். மழை தூறிக்கொண்டிருந்ததால் தீ பிடிக்க நேரமாயிற்று. நான் அழவில்லை. மாவு தூசியில் வேலை செய்பவன் கண் எப்போதும் சிவப்பாகத்தான் இருக்கும், அதனால் யாரும் கவனிக்கவும் இல்லை.

இன்று கேழ்வரகு வாசனைக்குப் பிறகு எனக்கு மில்லில் இருப்பு கொள்ளவில்லை. மத்தியானம் ஷட்டரை இறக்கிவிட்டு வசந்தி வீட்டுக்கு நடந்தேன். பள்ளிக்கூடம் லீவு, அவள் வீட்டில்தான் இருந்தாள். காலையில் நடந்ததைச் சொன்னேன். அவள் உள்ளே போய், பரணிலிருந்து தகர டின் ஒன்றை இறக்கினாள். மூடியை நெம்பித் திறந்தால் பில்ஸ்னர் மால்ட், பாதிக்கு மேல் இருந்தது. வண்டு விழவில்லை. காற்றுப் புகாமல் நீ அடைத்துவைத்தது அப்படி.

"உங்களுக்கு இண்ணைக்குத்தான் வந்துது அண்ணா. எனக்கு டெய்லி வருது இந்த மணம்" என்றாள். பிறகு, "அரைச்சுத் தாங்க" என்றாள்.

"கோட்டுல வச்சு உடைக்கட்டா?"

"வேண்டாம். நைசா அரைங்க. இனி இதுல ஒண்ணும் வடியப்பிடாது."

இருவருமாக மில்லுக்கு வந்தோம். கைச்சக்கரத்தைப் பிடித்தேன். கை பழக்கத்தில் அதுவாகவே நீலக் கோட்டில் போய் நின்றது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கோட்டைத் தாண்டி முறுக்கினேன், இனி முறுக்க இடமில்லாத வரை. முதல் நாள் உனக்குச் செய்த தப்பையே இன்று தெரிந்தே செய்தேன். மாவு வெதுவெதுப்பாக விழுந்தது, பவுடர் போல. விரலில் தேய்த்துப் பார்த்தேன், வழுக்கியது.

சாயங்காலம் அவள் அதில் தேங்காயும் உப்பும் சேர்த்து அடை சுட்டாள். சர்க்கரை போடாமலே இனித்தது. ஆனால் எவ்வளவு நைசாக அரைத்தாலும் உமி உமிதானே.

"தொண்டையில குத்துது வசந்தி. சலிச்சிருக்கலாம்" என்றேன்.

"குத்தட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் இன்னொன்றைப் பிய்த்துத் தின்றாள். நானும் தின்றேன். டின் காலியாகி, கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. இதை எழுதி முடிக்கும் இந்த நேரத்தில் மூன்றாவது டம்ளர் தண்ணீரும் குடித்துப் பார்த்துவிட்டேன், உமி இறங்கவில்லை அளியா.